மாட்டுச் சீம்பாலும் பால் டின்னும்

இன்று காலை என் பால் கடைக்கு வரிச்சிக்குடியிலிருந்து ஒரு வாடிக்கைக்காரப் பெண் வந்தார். அவருடைய தம்பி மனைவிக்கு முந்தாநாள்தான் பிரசவம்.

"அண்ணே, கொழந்தைக்குப் பால் டின் ஒண்ணு குடுங்க. ஒங்க மாடு கன்னு போட்டுருக்காமே, சீம்பால் இருந்தா இந்தச் சொம்புல ஊத்துங்க."

"தாய்ப்பால் வரலியாம்மா?" டின்னை எடுத்துக் கொடுத்தபடி கேட்டேன்.

"வருதுண்ணே. மஞ்சளா, கெட்டியா வருது. கெட்ட பாலுன்னு அம்மா பீச்சிக் கொட்டச் சொல்லிட்டாங்க. நர்சம்மா குடுக்கத்தான் சொன்னாங்க. அவங்களுக்கென்ன, சொல்லுவாங்க."

"மாட்டோட மஞ்சப் பாலுக்குச் சொம்பு தூக்கிட்டு வர்றீங்க, பெத்தவளோடதக் கொட்டுறீங்க. கன்னு குடிச்ச மிச்சத்தைத்தாம்மா நான் கறக்குறேன். மொதப் பால் வயித்துக்குள்ள போகலைன்னா கன்னு தேறாது."

சற்று யோசித்தார். செல்போனை எடுத்தார்.

"அம்மா, பாலைக் கொட்டாதீங்க. புள்ளைய மார்ல போடச் சொல்லுங்க. டாக்டர் இல்லம்மா, பால்காரண்ணன் சொல்றாரு."

அந்தப் பக்கம் உடனே சரி என்றுவிட்டார்கள். டின்னைத் திருப்பித் தந்துவிட்டு, சீம்பாலோடு கிளம்பினார்.

நர்ஸ் சொல்லி நடக்காதது மாட்டுக்காரன் சொல்லி நடந்திருக்கிறது. பிரசவ வார்டில் எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லலாமா? கறவை நேரம் போக வருகிறேன்.