நீல நூல் போட்ட மூட்டை

அக்கா பிளஸ் டூ பரீட்சை எழுதிய வருடம் எங்கள் வீட்டில் புளி தட்டும் சத்தம் நின்றுபோனது. ஜவ்வாது மலையில் மாசி பிறந்தால் அந்தச் சத்தம் இல்லாத வீடு கிடையாது. மரத்தை உலுக்கி, பழத்தைக் காயவைத்து, ஓடு உடைத்த பிறகு, பெண்கள் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து இரும்புத்துண்டால் தட்டித் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். டொக், டொக் என்று பகல் முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும். மதியத்தில் நான் அந்தச் சத்தத்தில்தான் தூங்குவேன். எது புளி வாசனை, எது வெயில் வாசனை என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

எங்கள் குடும்பத்தில் பன்னிரண்டாம் வகுப்புவரை போன முதல் ஆள் அக்கா. நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவளைவிட அப்பாவுக்குத்தான் பயம் அதிகம். தட்டுகிற கல்லைக் கவிழ்த்து வைத்தார். கோழிகளைக் கூடையில் போட்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த சித்தப்பா வீட்டுக்கு அனுப்பினார். ஆட்டின் கழுத்து மணிக்குள் துணியைத் திணித்தார். மணியோசை கேட்காத அந்த ஆட்டைத் தேடி நாங்கள் அரைநாள் காட்டில் அலைந்தோம். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய், பரீட்சை முடிகிறவரை புளி தட்டாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். சித்தப்பா வீட்டுச் சத்தம் எங்களுக்கு எட்டாது என்பதால் அங்கே மட்டும் தடையில்லை.

அக்கா இரும்புத்துண்டைத் தொடவே கூடாது என்பது தனிச் சட்டம்.

"எழுதற கை. நோவு வந்தா இன்னா பண்றது?" என்றார் அப்பா.

"வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து தட்டற கைதான அது?" என்றாள் அம்மா. அப்பா காதில் வாங்கவில்லை.

சின்னவளான எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டுக்குக் காவல் நான்தான். குச்சி ஒன்றை வைத்துக்கொண்டு வாசலில் உலாத்துவேன். தும்மியவர்களைக்கூட முறைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த அமைதி விசித்திரமாக இருந்தது. மலை முழுவதும் தண்ணீருக்குள் கிடப்பதைப்போல ஒரு மந்தம். அக்கா ஜன்னலோரம் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருப்பாள். பலாமரத்து நிழல் பக்கத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்ந்து போய்விடும், பக்கம் மட்டும் திரும்பியிருக்காது. சோற்றில் இரண்டு வாய்க்குமேல் அவளுக்கு இறங்கவில்லை.

ஒரு சாயங்காலம் அம்மாவிடம் சொல்லி அழுதாள். "ஒண்ணுமே ஏற மாட்டேங்குதும்மா. எனுக்காக ஊரையே வாய மூட வெச்சிட்டாரு. நான் ஃபெயிலாய்ட்டா அவர் மொகத்த எப்படி பாக்கறது?"

பால் டம்ளரோடு உள்ளே நுழையப் போன அப்பா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பிறகு டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு ஓடைப்பக்கம் போனார். பால் எனக்குக் கிடைத்ததில் நான் வேறெதையும் யோசிக்கவில்லை.

மறுநாள் சித்தி வந்தாள். "எங்கூட்ல வந்து படிக்கட்டுமே மாமா. அங்க காத்தாவது வரும்" என்றாள். அப்பா ரொம்ப நேரம் யோசிப்பதுபோல இருந்துவிட்டு, "சரி, போய்ட்டு வா கண்ணு" என்று அக்காவை அனுப்பினார். என்னிடம், "நீ பின்னாலயே போவாத" என்றார்.

போகாதே என்றால் போவதுதான் என் வழக்கம். வற்றிய ஓடையைத் தாண்டும்போதே அந்தச் சத்தம் வந்து காதைத் தொட்டது. டொக், டொக். சித்திக்கு எதிரே அக்கா உட்கார்ந்திருந்தாள். புத்தகம் முறத்தில் சாய்ந்து திறந்திருந்தது. கண் புத்தகத்தில், கை கல்லில். "சைலம்," டொக். "ஃபுளோயம்," டொக். கொட்டைகள் தெறித்துத் தெறித்து விழுந்தன. அவள் முகம் பழைய முகமாக இருந்தது. மரத்தில் சாய்ந்து எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது, பாதித் தூக்கம் வந்துவிட்டது.

அப்போதுதான் அவர்கள் பக்கத்தில் இருந்த புளி மூட்டை கண்ணில் பட்டது. அதன் வாயில் நீல நைலான் நூல். மற்ற வீடுகளில் சணல்தான், நீல நூலில் தைக்கிறவர் அப்பா ஒருவர்தான். வீட்டுக்கு ஓடிப்போய் மூலையைப் பார்த்தேன். எங்கள் மூட்டைகளில் ஒன்று குறைந்தது.

"யப்பா, சித்தி நம்ம மூட்டைய திருடிட்சி! அக்காவ படிக்க விடாம வேலையும் வாங்குது!"

இன்னொரு மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்த அப்பா கோணூசியைக் கீழே வைத்தார். "யார்கிட்டயும் சொல்லாத. அக்காகிட்ட கூட. நானே கேட்டுக்கறேன்" என்றார்.

அவர் கேட்கவேயில்லை. அடுத்த வாரம் இன்னொரு மூட்டை போனது. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. புதூர்நாட்டுக்கு ஜீப் பிடிக்கச் சித்தி வீட்டு வழியாகத்தான் போகவேண்டும். அப்பா மட்டும் காட்டுப்பக்கம் சுற்றிக்கொண்டு போனார்.

சாயங்காலங்களில் அக்கா திரும்பும்போது கொல்லையில் ஒரு வாளி வெந்நீர் இருக்கும். புளிக்கறை படிந்த விரல்களை அவள் அவசரமாகத் தேய்த்துக் கழுவுவாள். அவள் கழுவி முடிக்கிறவரை அப்பா மலையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"படிச்சியா கண்ணு?"

"படிச்சேம்பா."

அந்த வெந்நீரைக் காய்ச்சி வைத்தது அப்பாதான் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அப்போது எனக்கு வந்ததெல்லாம் கோபம்தான்.

அக்கா பாஸானாள். நர்சிங்கில் சேர்ந்தாள். பாஸான சேதி வந்த அன்று சித்தி பலாச்சுளையை இலையில் வைத்து நீட்டியபோது, திருட்டுக் கை என்று நான் வாங்க மறுத்தேன். அவள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பொம்பளையிடம் நியாயம் கேட்க இவ்வளவு பயப்படுகிறாரே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வளர்ந்து பெரிய ஆளானதும் நானே போய், எங்கள் மூன்று மூட்டைகளையும் கேட்டு வாங்கி அவரிடம் ஒப்படைப்பது என்று அன்றைக்கே தீர்மானித்துக்கொண்டேன்.