கதகதப்பான சுவர்

பாண்டீஸ்வரி பொய் சொல்கிறவள் இல்லை. போடியில் வீட்டுக்குப் பிளான் போட்டுக் கொடுப்பவள். அளந்து பார்க்காமல் ஒரு கோடு இழுக்கமாட்டாள். அவளுக்கு நடந்தது இது.

அன்று அவள் அளவெடுக்கப் போன குரங்கணி மலைக்கிராம வீட்டில் இருந்தது மூன்றே பேர். வீட்டுக்காரர் ஜக்கையன் ஜன்னலோரம், பிளாஸ்டிக் நாற்காலியில். அவர் மனைவி தமிழ்செல்வி, ஏழு மாதக் கர்ப்பிணி, மாடிப்படியின் கடைசிப் படியில். பாண்டீஸ்வரி லேப்டாப்பை மடியில் வைத்து, படிக்கு அடியில் இருந்த சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில். நாலாவது ஆள் கிடையாது.

மதியம் மூன்றே கால். வெளியே சாரல். முதுகுக்குச் சுவர் கதகதப்பாக இருந்தது.

"பின்னாடி அடுப்படியாண்ணே?"

"அடுப்படி அந்தக் கோடியில. இது எப்பவும் இப்பிடித்தாம்மா. வீட்ட வாங்குன நாள்ல இருந்து."

"அதான் புள்ளைக்குத் தொட்டிலை இங்கன போடப் போறேன்க்கா," என்றாள் தமிழ்செல்வி. "இவுக ஹீட்டரு வாங்கித் தர்ற ஆளா? படிய மட்டும் அகலமாக்குங்க. செவுத்துல கை வைக்காதீக."

படி இரண்டடி அகலம்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கவாட்டில்தான் ஏறி இறங்கினாள். மூன்றரை அடியாக்கினால் அடிச்சுவர் தாங்குமா? கொத்தனார்கள் செய்வதுபோல விரல்முட்டியால் தட்டிப் பார்த்தாள் பாண்டீஸ்வரி.

டொக். டொக். டொக்.

உள்ளே வெற்றிடம்.

சற்றுப் பொறுத்து, உள்ளிருந்து...

டொக். டொக். டொக்.

"எலியா இருக்கும்," என்றார் ஜக்கையன்.

"எண்ணித் தட்டுற எலியாக்கும்." தமிழ்செல்வி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில்... இன்னொரு தட்டல். மெதுவாக. ஒரே ஒரு தடவை.

போடிக்குத் திரும்பியதும் பாண்டீஸ்வரி பிளானை முடிக்க உட்கார்ந்தாள். படி மூன்றரை அடி. அடிச்சுவர் முழுசாக. சேமித்துவிட்டு, படத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

சுவரில் ஒரு திறப்பு. கதவளவு.

அவள் வைக்கவில்லை. அடைத்தாள். சேமித்தாள்.

மறுபடியும் திறப்பு...

அடைத்தாள்.

திறப்பு.

மறுநாள் காலை, பிளானை ஜக்கையன் வீட்டுக்குக் கொண்டுபோக வந்தார் குரங்கணி ஜீப்பு ஓட்டும் கோட்டைச்சாமி. அவரிடம் நடந்ததைச் சொன்னாள்.

"மூணு தட்டா தட்டுன, தாயி?"

"ஆமாண்ணே."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த வீடு முந்தி ஏலக்கா ஸ்டோரு. படிக்கு அடியிலதான் காய் உலத்துற ரூமுக்கு வாசல். குளிருக்கு ஆளுக உள்ள போய்ப் படுத்துக்கிருவாக. அதனால தீ மூட்டுறதுக்கு முந்தி மூணு தட்டு தட்டணும். உள்ள ஆள் இருந்தா திருப்பித் தட்டும். தட்டுனா தெறந்து விட்டே ஆகணும். ஒரு மழையில, தட்டாம மூட்டிட்டாக. எங்காத்தா அங்கனதான் வேலை பாத்துச்சு. பெறகு வாசல அடைச்சுப் படி கட்டிட்டாக."

"உள்ள யாரு?"

"மருதாயி."

பாண்டீஸ்வரி திறப்போடு இருந்த பிளானையே அச்செடுத்தாள். தமிழ்செல்விக்கு ஒரு தாளில் இரண்டு வரி எழுதினாள்: 'முதலில் சுவரைத் திறந்துவிடுங்கள். தொட்டிலை அங்கே போட வேண்டாம்.'

கவரில் போட்டுப் பசை தடவி ஒட்டினாள். நீட்டும்போதுதான் கேட்டாள்.

"ஒத்தையாவா இருந்தா?"

கோட்டைச்சாமி கவரை வாங்கிச் சட்டைக்குள் செருகினார்.

"இல்ல. அப்பத்தான் நடக்கப் பழகுன புள்ளை ஒண்ணும் கூட."

ஜீப்பு கிளம்பியது.