பவுடர் பூசிய எஞ்சின்

திங்கட்கிழமை முதல் அப்பாவின் பழைய லாரி எஞ்சினில் எண்ணெய் ஒழுகியது. மெக்கானிக்கல் படித்த மகளான நான் காரணங்களைப் பட்டியலிட்டேன். ஒன்று, கிழிந்த கேஸ்கெட். இரண்டு, தேய்ந்த ஆயில் சீல். மூன்று, டிரைவர் மரியதாஸ் அண்ணனின் கவனக்குறைவு. அப்பா மூன்றாவதை மட்டும் நம்பி, அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

உறுதி செய்துகொள்ள எஞ்சினைக் கழுவித் துடைத்து, மேலெல்லாம் முகப்பவுடர் தூவினேன். எண்ணெய் கசியும் இடத்தில் பவுடர் கறுத்துவிடும். சாவியை ஒப்படைக்க வந்த மரியதாஸ் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"மக்கா, லாரிய பொண்ணு பாக்க யாரும் வாறாவளா?"

நான் சிரிக்காமல், ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். சற்று நேரத்தில் வெள்ளையின் நடுவே ஒரே ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. அதைப் பிடித்து மேலே போனால், எண்ணெய் ஊற்றும் துளையின் மூடி ஆடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் ஊற்றி மூடியது நான்.

"ஏட்டி, இத கடைசியா ஆரு தொறந்தது?" என்றார் பின்னால் நின்ற அப்பா.

நான் வாயைத் திறப்பதற்குள் மரியதாஸ் அண்ணன் முந்திக்கொண்டார். "ஓட்டத்துல தானா இளகியிருக்கும் முதலாளி."

வேலை போன மனிதர் எனக்காகப் பொய் சொல்கிறார். என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லப்பா, நான்தான் சரியா முறுக்கல்ல."

அப்பா லாரியிலிருந்து சாவியை உருவி அவரிடமே நீட்டினார். வாங்கிக்கொண்டு அவர் என் காதருகே முணுமுணுத்தார்:

"கொஞ்சம் முந்தியே சொல்லப்பிடாதா மக்கா? இனி இந்தப் பொய்க்கு நான் ஃபாதர்ட்ட போயி பாவசங்கீர்த்தனம் செய்யணும்."

அவர் போய்ப் பாவத்தை ஒப்புக்கொண்டாரா என்று தெரியாது. என் பங்கை நான் இங்கே எழுதிவிட்டேன்.