பியூலா மைனி போடாத ஸ்பிரிங்

தாராவி தொண்ணூறடி ரோட்டுப் பின்சந்தில் இருக்கும் எங்கள் கியர்பாக்ஸ் பட்டறையின் வாஸ்லைன் டப்பா, நெடுநாள் சேவைக்குப் பின், சென்ற வாரம் காலியாகிவிட்டது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவித்துக்கொள்கிறேன். அடிப்பாகத்தை விரலால் வழித்தும் பார்த்தாகிவிட்டது. புதியது வாங்க யாருக்கும் தோன்றவில்லை. தாதர் மொத்தக் கடையில் பேரம் பேசிப் பெரிய டப்பாவாக வாங்கிவருகிறவர் பியூலா மைனி, என் அண்ணன் சாமின் மனைவி. அவர் இறந்துபோய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

முழங்காலளவு மழைத் தண்ணீரில் நடந்து வந்தார், காய்ச்சல் வந்தது. தாராவியில் மழைக்காலத்தில் யாருக்குத்தான் காய்ச்சல் வராது என்று நினைத்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் போன் செய்தபோது நான் பட்டறையில் இருந்தேன்.

"ஷட்டர எறக்குல."

"காலங்காத்தால எதுக்கு எறக்கணும்? கஸ்டமர் நிக்கான்."

"எறக்கு மக்கா."

அண்ணன் என்னை அதுவரை எருமை என்று கூப்பிட்டிருக்கிறான், குரங்கு என்று கூப்பிட்டிருக்கிறான். மக்கா என்று கூப்பிட்டதே இல்லை. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே இருட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அடக்க ஆராதனையில் மைனியைப் பற்றி நீங்கள் எல்லாரும் நல்லதாகவே சொல்லிவிட்டீர்கள். எனக்கு மிச்சம் வைக்கவில்லை. ஆகவே நான் என் வயிற்றெரிச்சலிலிருந்து தொடங்குகிறேன். கிளட்ச் எரிந்தால் சந்து முழுக்க நாற்றம் வரும். வயிறு எரிந்தால் யாருக்கும் தெரிவதில்லை, அதுதான் வசதி.

மைனி வரும்வரை பட்டறையில் நான்தான் ஸ்டார். வண்டி சந்துக்குள் திரும்பும்போதே சத்தத்தைக் கேட்டு எந்த கியர் போயிற்று என்று சொல்வேன். டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். மைனி டோம்பிவிலியில் வளர்ந்தவர். கார் கம்பெனி சர்வீஸ் சென்டர் ஒன்றில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பிரித்துக்கொண்டிருந்தார். கல்யாண விருந்தெல்லாம் ஓய்ந்ததும் ஒருநாள் சுடிதாரோடு பட்டறையில் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து ஒரு பழைய கார் இழுக்க மாட்டேன் என்று இரைந்துகொண்டு வந்தது. "செகண்ட் கியர் காலி" என்று அறிவித்தேன்.

"செகண்ட் கியர் நல்லாத்தான் இருக்கு கொழுந்தனாரே, ஆயிலு கம்மி" என்றார் மைனி.

அளவுக்குச்சியை உருவினால் நுனியில் மட்டும் ஈரம். அரை கேன் ஆயிலில் வண்டி பறந்தது. மறுவாரமே வருகிறவன் எல்லாம் "டாக்டர் இருக்காங்களா?" என்று என்னிடமே கேட்கத் தொடங்கினான். என்னைக் கம்பவுண்டர் ஆக்கிவிட்டார்கள்.

பழிவாங்காமல் இருக்க நான் என்ன தேவதூதனா? கியர்பாக்ஸின் மூளை என்று சொல்லத்தக்கது வால்வு பாடி. வாய்க்கால் வாய்க்காலாகக் குடைந்த அலுமினியத் தட்டு அது. அந்த வாய்க்கால்களில் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் உட்கார்ந்து ஆயிலுக்கு வழி மறிக்கும், வழி விடும். தட்டைக் கவிழ்த்து மாட்டும்போது குண்டு விழாமலிருக்க வாஸ்லைன் தடவி ஒட்டுவார் மைனி. கிரீஸ் தடவினால் கட்டியாக நின்று வழியை அடைக்கும், வாஸ்லைன் சூட்டில் ஆயிலோடு ஆயிலாகக் கரைந்துவிடும் என்பார். அவர் குண்டுகளை எடுத்துவைத்திருந்த கிண்ணத்தில் நான் யாருக்கும் தெரியாமல் ஒரு குண்டைக் கூடுதலாகப் போட்டுவைத்தேன். எல்லாம் மாட்டி முடித்தபின் ஒன்று மிஞ்சும், மைனி முழுசையும் கழற்றுவார், நான் டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்ப்பேன் என்பது திட்டம். மைனி கிண்ணத்தைப் பார்த்தார், வேலையை முடித்தார். மத்தியானம் என் டிபன் பாக்ஸில் முதல் இட்லியைக் கடித்தேன். பல்லுக்குள் மணி அடித்தது.

"ஒம்ம சாமான் ஒம்மகிட்ட வந்துட்டா?" என்று மைனி கேட்டார். அண்ணன் சிரித்த சிரிப்பில் வடாபாவ் கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

மாட்டுங்காவில் மளிகைக்கடை வைத்திருக்கும் மாணிக்கம் அண்ணாச்சியை உங்களுக்குத் தெரியும். பகலில் பருப்பு நிறுப்பவர், லீவு நாளில் பழைய அமெரிக்க வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு கால் மைல் ரேஸுக்குப் போகிறவர். அந்த வண்டியின் கியர்பாக்ஸ் ஒவ்வொரு ரேஸிலும் கிளட்ச் தட்டு கருகி எங்களிடம் வரும். மைனி அதை அடியோடு மாற்றிக் கட்டினார். கிளட்ச் தட்டுகளைக் கூட்டினார், ஆயில் அழுத்தத்தை ஏற்றினார். ஸ்டீரிங்கில் ஒரு பட்டன் வைத்தார். பட்டனை அமுக்கியிருக்கும்வரை முதல் கியரும் ரிவர்ஸும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும், வண்டி இரையும், நகராது. விட்டால் பாயும். நான் அவசரப்படுத்தினால், "இதுக்குள்ள தட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல அளந்துதான் எடம் விட்டிருக்கேன். ஒம்ம அவசரத்துக்கு எடம் இல்ல" என்பார். மூடுவதற்கு முன் ஆயில் துளையில் காற்றுக் குழாயை வைத்து ஊதிப் பார்ப்பார். உள்ளே கிளட்ச் பிடிக்கும்போது 'தப்' என்று ஒரே அடி விழவேண்டும். அந்த அடியைக் கேட்கக் கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்துத் தையல் மிஷின்கள்கூட நின்றுவிட்டதுபோல எனக்கு இருக்கும்.

ஓடுதளத்தில் அண்ணாச்சி பட்டனை விட்டார். வண்டி முன்னால் போயிற்று, அண்ணாச்சியின் மூக்குக்கண்ணாடி பின்சீட்டுக்குப் போயிற்று. ஜெயித்து வந்ததும் எங்கள் அம்மா லட்டு வாங்கி, "எம் மருமவ கட்டுன பெட்டி" என்று சந்து முழுக்கக் கொடுத்தாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல.

மழை விட்டதும் வரும் ரேஸுக்காக மைனி அதே பெட்டியை மறுபடி கட்டி, மூடி, மேஜைமேல் வைத்திருந்தார். பிறகுதான் காய்ச்சலில் படுத்தார். மைனிக்கான முதல் மாத நினைவு ஜெபம் முடிந்ததும் அண்ணாச்சி, "அதை மாட்டிருவமால?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஒருமுறை திறந்து பார்த்துவிடுகிறேன் என்றேன். பாதுகாப்புக்கு என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் நான் தேடியது ஒரு தப்பை. ஒரே ஒரு தப்பு கிடைத்தால் போதும் என்றிருந்தது.

கிடைத்தது. கியர் மாறும்போது உள்ளே இருப்பவர்கள் குலுங்காமலிருக்க, அடியின் வேகத்தை வாங்கிக்கொள்ள ஒரு குழியில் ஸ்பிரிங் இருக்கும். குழி காலி.

"ஸ்பிரிங் போட மறந்துட்டாங்க!" என்று கத்தினேன். டீக்கடையில் சொன்னேன், ஜிம்மில் சொன்னேன், சபை வாலிபர் கூட்டத்தில் சாட்சி சொல்வதுபோலச் சொன்னேன். நான் இல்லையென்றால் அண்ணாச்சி கதி என்ன ஆகியிருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டேன். மாட்டுங்காவில் இருந்த அண்ணாச்சி காதுக்கு மட்டும் இது எட்டவில்லை. அண்ணன் வந்து குழிக்குள் நெடுநேரம் பார்த்தான்.

"அப்பவே காய்ச்சல் இருந்திருக்கு. அதான் மறந்திருக்கா. பக்கத்துலயே நின்னேன், எனக்குத் தெரியலியே" என்றான்.

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. அதற்கப்புறமும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் இனித்தது. புது ஸ்பிரிங் போட்டு, மூடி, வண்டியில் மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன், செம்பூர்ப் பக்கம் லாரி இல்லாத குடோன் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். அண்ணாச்சி ஓட்ட, நான் பக்கத்தில், அண்ணன் பின்னால். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போயிற்று. நான் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன்.

"என்னல இது, மாப்பிள்ள ஊர்வலம் மாதிரி மாறுது?" என்றார் அண்ணாச்சி. மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தார். இன்ஜின் அலறியது, வண்டி இழுக்கவில்லை. கருகின தட்டின் நாற்றம் வந்தது. வண்டியை ஓரம் கட்டினார்.

"அந்தப் புள்ள கட்டுனா கடக்கா, சுருக்குன்னு இருக்குமேல, கட்டிங் சாய் மாதிரி. நான் கேட்டதுக்குத்தான் இந்தவாட்டி ஸ்பிரிங்கையே எடுத்தா. 'எடுத்தா சட்டுனு பிடிக்கும், தட்டு கருகாது அண்ணாச்சி, ஆனா முதுகு வலிச்சா என்னைக் கேக்கப்பிடாது'ன்னு சொல்லித்தானே எடுத்தா? நீ என்ன போட்டுத் தொலைச்ச?"

 பின்சீட்டிலிருந்து அண்ணன் மெதுவாகக் கேட்டான்.

"அப்ப, அவ மறக்கலியா அண்ணாச்சி?"

"அவளா? அவ எதையாவது மறந்து பாத்திருக்கியா நீ?"

"மறக்கல" என்றான் அண்ணன். இன்னொரு தடவையும் சொன்னான். பிறகு பின்னாலிருந்து என் மண்டையில் ஓர் அடி விழுந்தது. ஒரு மாதமாக அவன் யாரையும் அடிக்கவும் இல்லை, வையவும் இல்லை. நல்ல அடி. ரேஸ் அடி. திரும்பிப் பார்த்தேன். அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தான்.

பெட்டியைத் திறந்து, தட்டுகளை மாற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு மூடியது அண்ணன்தான். என்னை நட்டுப் பொறுக்க மட்டும் விட்டான். மைனியின் நினைவாக நான் எனக்கென்று வைத்துக்கொண்டது, நான் கருக்கிய தட்டுகளில் ஒன்று. என் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. கேட்பவர்களிடம் அது மைனி கட்டியது என்றும், கருக்கியது நான் என்றும் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் சரளமாக வரவில்லை.

கடைசியாக ஒன்று. டீக்கடையிலும் ஜிம்மிலும் வாலிபர் கூட்டத்திலும் நான் சொன்னது தப்பு. தனித்தனியாக வந்து சொல்லத்தான் நினைத்தேன், டீக்கடை வாசலோடு திரும்பிவிட்டேன். நம் சபை மலர் பத்திரிகை எல்லார் வீட்டுக்கும் வருகிறது, அதனால் இதில் எழுதிவிட்டேன். இந்த அஞ்சலியை எழுதும்படி என்னை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் போய்க் கேட்டு வாங்கினேன்.