ஜூடோ சட்டைக்குள் ஒரு ஊக்கு

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஜூடோ விளையாடியவள் என்று தெரிந்ததும் ஆட்கள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப ஒங்ககிட்ட எவனும் வாலாட்ட முடியாது" என்கிறார்கள். தாராளமாக ஆட்டலாம். வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். மானாவாரி நிலம், அப்பா பருத்தியும் மக்காச்சோளமும் போடுவார். சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள். எங்காவது 'டம்' என்று பெரிதாகக் கேட்டால், பருத்திக் காட்டில் நிற்பவர்கள் கை வேலையை விட்டுவிட்டுப் புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று பார்ப்பார்கள். நான் வீட்டுக்குள் ஓடி அடுப்படியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொள்வேன். "சத்தம் முடிஞ்ச பெறகு காதப் பொத்தி என்னத்தட்டி ஆகப்போகுது" என்று அம்மா திட்டுவாள். எனக்கு அடுத்த சத்தத்தைப் பற்றிய பயம்.

இப்படிப்பட்டவள் ஜூடோவுக்குப் போனது வீரத்தால் அல்ல. பதினொன்றாம் வகுப்பில் எங்கள் பி.டி. சாருக்கு என் எடைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. "நீ சும்மா வந்து நில்லு புள்ள, போதும்" என்றார். மாட்டேன் என்று சொல்லப் பயந்துகொண்டு போனேன். முதல் இரண்டு மாதம் விழ மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார். அடிபடாமல் விழ முடியும் என்பது எனக்குப் பெரிய சமாதானமாக இருந்தது. அதற்காகவே தொடர்ந்து போனேன்.

ஜூடோ சட்டையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தடித்த வெள்ளைத் துணி. பட்டன், கொக்கி, நாடா எதுவும் கிடையாது. இடது பக்கத்தை வலது பக்கத்தின்மேல் மடித்துப்போட்டு இடுப்பில் பெல்ட் கட்டுவோம், அவ்வளவுதான். எதிராளி அந்தச் சட்டையைப் பிடித்துத்தான் நம்மைத் தூக்கி அடிக்க வேண்டும். அதனால் சட்டைக்கென்று ஏகப்பட்ட சட்டம். கை மணிக்கட்டு வரை இருக்க வேண்டும், பிடிக்கிற அளவுக்குத் தொளதொளவென்று இருக்க வேண்டும், நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். கம்மல், மூக்குத்தி, கொலுசு, கிளிப், ஊக்கு ஒன்றும் ஆகாது. சார் மற்றதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்வார். இதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டார். "எதிராளி ஒன் சட்டைய நம்பிக் கை வைக்கிறா. அதுக்குள்ள இரும்பு இருந்துச்சுன்னா அது வெளையாட்டு இல்ல, களவாணித்தனம். அந்த நிமிசமே தோத்தாச்சு. நம்ம ஸ்கூலும் தலைகுனிஞ்சுதான் வரணும்" என்பார்.

பன்னிரண்டாம் வகுப்பில், இரண்டாயிரங்களின் நடுவில், விருதுநகரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் மாவட்டப் போட்டி நடந்தது. வெளியூருக்குத் தனியாக அனுப்ப முடியாது என்று அம்மாவும் பஸ் ஏறி வந்தாள். நான் என்னதான் விளையாடுகிறேன் என்று அன்றுதான் அவள் முதன்முறையாகப் பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

முதல் ஆட்டத்தில் நான் ஜெயித்தேன். ஆனால் தரையில் உருண்டபோது சட்டை பெல்ட்டிலிருந்து உருவிக்கொண்டு இரண்டு பக்கமும் விரிந்துவிட்டது. உள்ளே வெள்ளை பனியன் போட்டிருந்தேன். பெண்கள் அப்படித்தான் போட வேண்டும் என்பதும் விதிதான். இருந்தாலும் மாடியில் நின்ற பையன்கள் விசிலடித்தார்கள். நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் அம்மா என் முழங்கையைப் பிடித்துப் பாத்ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னட்டி கோலம் இது? எம்புட்டு ஆம்பளைக நிக்காக. சட்டையத் தொறந்து போட்டு உருண்டுட்டுக் கெடக்க."

"உள்ள பனியன் இருக்கும்மா."

"இருந்தா?" என்று சொல்லிக்கொண்டே தன் சேலைத் தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள்.

"ஊக்கு போடக் கூடாதும்மா. கண்டுபிடிச்சா வெளிய அனுப்பிருவாக."

"வெளிய தெரியாம உள்பக்கமாக் குத்துறேன். வேண்டாம்னா இப்பமே கெளம்பு, அடுத்த பஸ்ஸுக்குப் போயிருவம். நாளைக்கு எவனாவது ஒங்கப்பாட்டப் போய்ச் சொன்னா நான் என்னத்தச் சொல்லுவேன்?"

கிளம்பினால் அதோடு ஜூடோ முடிந்தது என்று எனக்குத் தெரியும். சார் என்ன சொல்வார் என்பதும் தெரியும். இரண்டு பயத்தில் எது பக்கத்தில் நிற்கிறதோ அதற்குத்தான் நான் எப்போதும் பணிந்திருக்கிறேன். அம்மா பக்கத்தில் நின்றாள். மேல்மடிப்பின் உள்பக்கத்தைக் கீழ்மடிப்போடும் பனியனோடும் சேர்த்து, நெஞ்சுக்கு நேராகக் குத்தினாள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்து எனக்கு இறுதி ஆட்டம். எங்கள் எடையில் அன்று வந்ததே நாலு பேர்தான். ஜெயிப்பவள் மாநிலப் போட்டிக்குப் போவாள். சட்டையைச் சோதிக்கிற வரிசையில் எனக்குப் பின்னால் என் எதிராளி நின்றாள். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பெண், பதினொன்றாம் வகுப்பு. ஒல்லி, ஆனால் கயிறு மாதிரி முறுகிய கை. அவளுக்குப் பேசாமல் நிற்க வராது.

"அக்கா, ஸ்டேட் சர்ட்டிபிகேட் இருந்தா போலீஸ் வேலைக்கு மார்க் உண்டாம்ல?"

"அப்படித்தான் சொல்றாக."

"எனக்குப் போலீஸுதான். வேலை கெடைச்ச அன்னைக்கே எங்கம்மாவ மருந்து ரூம்ல இருந்து வெளிய கூட்டியாந்துருவேன். அது கம்பெனிக்குப் போய்ட்டுச் சாயங்காலம் வர்ற வரைக்கும் எனக்கு உசிரு இருக்காதுக்கா."

மருந்து ரூம் என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். பட்டாசுக்கு மருந்து கலக்கிற அறை. விபத்து என்று செய்தி வந்தால் முதலில் அந்த அறையைத்தான் கேட்பார்கள். நான் தலையை ஆட்டினேன்.

சோதிக்க ஒரு டீச்சரை உட்காரவைத்திருந்தார்கள். காது, மூக்கு, நகம், தலைமுடி பார்த்தார். சட்டைக் கையை இழுத்து அளந்தார். "உள்ள ஏதும் இருக்காம்மா? ஊக்கு, கிளிப்பு?"

"இல்ல மிஸ்" என்றேன். அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்ததில் நானே பயந்துபோனேன். எனக்குப் பின்னால் அவளையும் அதையே கேட்டு அனுப்பினார்.

ஆட்டம் நாலு நிமிடம். முதல் நிமிடத்திலேயே அவள் என்னைப் பக்கவாட்டில் சாய்த்து ஒரு புள்ளி எடுத்துவிட்டாள். என்னைவிட நல்ல ஆட்டக்காரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வலது கையால் என் இடது மடிப்பைப் பிடித்து, கட்டைவிரலை உள்ளே விட்டு இறுக்கி இழுப்பாள். மூன்றாவது தடவை அப்படி இழுத்தபோது என் நெஞ்சில் சுருக்கென்றது. ஊக்கு திறந்துகொண்டது.

அதற்குப் பிறகு ஆட்டம் என்று ஒன்றும் எனக்கு ஞாபகம் இல்லை. பயம்தான் ஞாபகம் இருக்கிறது. குப்புற விழுந்தால் எனக்குள் ஏறிவிடும். அவள் முகம் என் நெஞ்சில் வந்து மோதினால் அவள் கண்ணில் ஏறிவிடும். தள்ளித் தள்ளிப் போனேன். அவள் விடாமல் வந்து மடிப்பைப் பிடித்தாள். பிடித்தவள் 'ஸ்ஸ்' என்று கையை உதறினாள்.

நடுவர் நிறுத்தினார். அவள் கட்டைவிரலில் ஒரு கீறல், ரத்தம் மணிக்கட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. என் சட்டையிலும் ஒரு கறை. முதலுதவிக்காரர் ஓடிவந்து பிளாஸ்திரி சுற்றினார். "எதுலம்மா கீறுச்சு?" என்று நடுவர் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். "தெரியல சார்" என்றாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விடுகிறாள் என்று நினைத்தேன். நான் வாய் திறக்க அதைவிட நல்ல நேரம் ஏது? திறக்கவில்லை. திரும்பி நின்று சட்டையைச் சரிசெய்கிற சாக்கில் ஊக்கைத் தேடினேன். கைக்கு அகப்பட்டும் அவசரத்தில் மூட முடியவில்லை. "சீக்கிரம்" என்று நடுவர் அதட்டினார். முனையைப் பனியன் பக்கமாக அமுக்கிவிட்டுத் திரும்பினேன்.

இருபது வினாடிகூட ஆகியிருக்காது. மறுபடியும் அதே விரல். பிளாஸ்திரியைத் தாண்டி முனை உள்ளே போயிருக்க வேண்டும், இந்தத் தடவை விரிப்பில் சொட்டியது. இப்போது என் சட்டையில் நிறைய ரத்தம். சோதித்த டீச்சர் ஈரத்துணியோடு வந்து என் மடிப்பைத் தேய்த்துத் துடைத்தார். அவர் விரல் ஊக்குக்கு அரை அங்குலம் தள்ளித் தேய்த்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் துணி போனால் என் கதை முடிந்தது. போகட்டும், கண்டுபிடிக்கட்டும் என்றும் ஒரு மனசு கேட்டது. அது சின்ன மனசு, சத்தமே வரவில்லை. துடைத்துவிட்டுப் போய்விட்டார்.

சார் விரிப்புக்கு வெளியிலிருந்து எனக்கு மூன்று விரலைக் காட்டினார். புரிந்தது. ஒரே காயத்துக்கு இரண்டு முறைதான் கட்டுப்போட விடுவார்கள். மூன்றாவது முறை ரத்தம் வந்தால் ஆட்டம் அத்தோடு சரி, புள்ளி யாரிடம் இருந்தாலும் எதிராளி ஜெயித்ததாக அர்த்தம். சாருக்கு ஊக்கு விஷயம் தெரியாது. அந்தப் பெண்ணின் துரதிர்ஷ்டம் என்றுதான் நினைத்திருப்பார்.

அவளுக்கும் அந்த விதி தெரியும். வலது கையைப் பின்னால் வைத்துக்கொண்டு இடது கையால் மட்டும் என்னைப் பிடிக்கப் பார்த்தாள். ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக இருந்தது. அது வரை தாக்குப்பிடித்தால் அவள் மாநிலப் போட்டிக்குப் போய்விடலாம். நான் அவளைத் தொடாமல் நின்றிருக்கலாம். நின்றிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் நடுவர் என்னைப் பார்த்து, "சண்டை போடும்மா, சும்மா நிக்கிற" என்று எச்சரித்தார். அம்மாவும் சாரும் பார்க்கிறார்கள். நான் உள்ளே புகுந்தேன். என் வேகத்துக்குத் தன்னை நிறுத்த அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. வலது கை தானாக வந்து என் மடிப்பைப் பிடித்தது.

மூன்றாவது தடவையும் ரத்தம் வந்ததும் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி என் பக்கம் கையை உயர்த்தினார். பெல்ட்டுக்கு மேல் நான் கட்டியிருந்த சிவப்புப் பட்டைக்கு வெற்றி என்று மைக்கில் சொன்னார்கள். அவள் என்னைக் கும்பிட்டாள், நான் அவளைக் கும்பிட்டேன். சார் தோளில் தட்டினார். நான் யார் முகத்தையும் பார்க்காமல் ஊக்கைக் கழற்றப் பாத்ரூமுக்கு ஓடினேன். அம்மா வெளியே நின்றுகொண்டாள்.

கதவைச் சாத்திக்கொண்டு பெல்ட்டில் கை வைத்தபோது கதவு திறந்தது. அவள்தான். கையில் கட்டு, கன்னம் முழுக்கக் கண்ணீர். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்துச் சுவரோடு ஒட்டினேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அக்கா, ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும். சார்ட்ட சொல்லிராதீக."

"என்ன?"

குரலைத் தாழ்த்தினாள். "எஞ்சட்டைக்குள்ள ஊக்கு இருந்துச்சுக்கா. சட்டை தொறந்துக்குதுன்னு காலைல நான்தான் மாட்டுனேன். அதான் கையக் கிழிச்சிருச்சு. ஒவ்வொரு தடவ சட்டையச் சொருகும்போதும் அதுலதான் பட்டிருக்கணும். நடுவர் சார் கேட்டப்ப பயத்துல தெரியலன்னுட்டேன். இப்பதான் கழட்டிச் சாக்கடைல போட்டேன். அது ஒங்களக் கிழிச்சிருந்தா என்னக்கா ஆயிருக்கும்? கண்ணுல பட்டிருந்தா?"

என் ஊக்கு என் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

"நான் செஞ்ச களவாணித்தனத்துக்கு நானே தோத்தேன், சரிதான். ஆனா வெளிய தெரிஞ்சா அடுத்த வருசமும் சேக்க மாட்டாக. எனக்கு அடுத்த வருசம் ஒன்னுதான்க்கா மிச்சம்." சொல்லிவிட்டு என்னைக் கட்டிப்பிடிக்க வந்தாள்.

நான் சட்டென்று பின்வாங்கினேன். கையை நீட்டி அவள் தோளைப் பிடித்துத் தள்ளி நிறுத்தினேன். அவள் முகம் வாடிவிட்டது.

"கோவமாக்கா?"

"இல்ல."

"அப்ப சொல்ல மாட்டீகள்ல?"

இரண்டே வார்த்தை சொன்னால் போதும். நடுவர் பத்தடி தூரத்தில் ஹாலில் நிற்கிறார். முடிவை மாற்றி எழுத இன்னும் நேரம் இருந்தது. வெளியே அம்மா யாரிடமோ, "எம் மகதான் ஜெயிச்சது" என்று சொல்வது கேட்டது.

"சத்தியமாச் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவள் கட்டுப்போட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ரொம்ப நல்லவுகக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.