உள்ளானுக்கு இரண்டு பிளேட்

ஜப்பான்காரன் காலத்தில் மனிதனைப் படம் எடுக்க பிளேட் கிடையாது. குருவிக்குக் கிடைத்தது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அப்போது சுங்கை பட்டாணியில் ஒரு படக்கடையில் படம் எடுக்கிற வேலை எனக்கு. கடையில் இருந்த, படம் பதிகிற கண்ணாடி பிளேட்டுகளை எல்லாம் ஜப்பான்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு ஒரு நாள் அவர்களுடைய அதிகாரி ஒருவன் இரண்டு பிளேட்டோடு வந்தான். பறவைப் பித்துப் பிடித்தவன். மெர்போக் ஆற்றுமுகச் சேற்றில் ஓர் உள்ளான் குருவி வந்திருக்கிறதாம். அலகு நுனி கரண்டி மாதிரி இருக்குமாம். உலகத்திலேயே கொஞ்சம்தான் உண்டாம். அதையும் தண்ணீரில் விழும் அதன் நிழலையும் சேர்த்து எடுக்க வேண்டுமாம். கூட வந்த மலாய்க்காரர் அவன் பேச்சை மாற்றிச் சொல்லச் சொல்லத் தலையாட்டினேன். ஆட்டாவிட்டால் அறை விழும்.

அதே வாரம் பாடாங் செராய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் தம்பி பெயரை சயாமில் ரயில் பாதை போடுகிற வேலைக்கு எழுதிவிட்டார்கள். முன்னால் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அவன் முகமாவது எங்களிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு பிளேட்டை அவனுக்குச் செலவழித்துவிட்டு, உடைந்துபோச்சு என்று அதிகாரியிடம் சொல்லிவிடலாம். அடிப்பான். அடிக்கட்டும். கேமராவை சைக்கிளில் கட்டிக்கொண்டு அம்மாவும் தம்பியும் இருந்த லயத்து வீட்டுக்குப் போனேன்.

தம்பிக்கு ஒரே குஷி. தலையை நனைத்துச் சீவிக்கொண்டு சுவரோரம் வந்து நின்றான்.

"அண்ணே, மீசை தெரியுமா?"

"இருந்தாத்தானே தெரியும்."

"கரியால கொஞ்சம் எழுதிக்கவா?"

அதற்குள் அம்மா கையில் மரவள்ளிக்கிழங்கோடு வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே படம்தான், அப்பாவுடையது. அவர் செத்த பிறகு நாற்காலியில் உட்கார வைத்து, சாயாமல் துணியால் கட்டி எடுத்த படம். மூடின கண்ணுக்கு மேல் கடைக்காரன் திறந்த கண்ணை எழுதிக் கொடுத்திருந்தான். அம்மாவுக்குப் படம் என்றால் அதுதான்.

"உசுரோட நிக்கிறவனுக்கு எதுக்குடா படம்? மாலையும் வாங்கிட்டு வந்தியா?"

"கல்யாணத்துக்கெல்லாம் எடுக்கிறாங்க லா, அம்மா. ரெண்டு பிளேட் இருக்கு, ஒண்ணு இவனுக்கு."

"எடுக்கிறவன் எடுக்கட்டும். எம்புள்ள திரும்பி வருவான்."

கேமராவுக்கு முன்னால் கையை விரித்து மறித்துக்கொண்டாள். தம்பியின் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"வேணாம்ணே. வந்து எடுத்துக்கலாம். அப்ப மீசையும் வந்துரும்."

மறுநாள் காலையில் அவனை லோரியில் ஏற்றினார்கள். நான் மெர்போக்குக்குப் போனேன்.

மலாய் மீனவர் ஒருவர் சம்பான் படகில் கொண்டுபோய் விட்டார். தொடை வரைக்கும் சேறு. கேமராக் கால்கள் புதையாமல் இருக்க அடியில் பலகை போட்டேன். வற்றின தண்ணீர் சேற்றின் மேல் மெல்லிசாகத் தேங்கி நின்றது. அந்தக் குருவி வந்தது. என் கைப்பிடி அளவுகூட இல்லை. கரண்டி மூக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிச் சேற்றைத் துழாவியது. முதல் பிளேட்டைப் போட்டதும் ஓடிவிட்டது. படத்தில் வெறும் சேறுதான் விழுந்தது. மறுபடி வர வெயில் ஏறும்வரை காத்திருந்தேன். இந்தத் தடவை அசையாமல் நின்றது. கேமராவின் மங்கல் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். குருவி தலைகீழாகத் தொங்க, அதன் நிழல் நிமிர்ந்து நின்றது. காலோடு கால் ஒட்டி இரண்டு குருவி. அழகாகத்தான் இருந்தது. அதனாலேயே கல்லெடுத்து அடிக்க வேண்டும் போல இருந்தது. எடுத்தேன்.

அதிகாரி படத்தைப் பார்த்துச் சின்னப் பையன் மாதிரி சிரித்தான். ஒரு மூட்டை அரிசி கொடுத்தான். அதை அம்மாவிடம் கொண்டுபோய்ப் போட்டேன். தின்றோம்.

ஜப்பான்காரன் போகிற சமயத்தில் சயாமிலிருந்து ஓர் ஆள் காலெல்லாம் புண்ணோடு வந்து சேர்ந்தார். தம்பி வாந்திபேதியில் போய்விட்டான், பத்துப் பேரோடு சேர்த்து எரித்துவிட்டார்கள் என்றார். அம்மா அழவில்லை. என்னிடம் கையை நீட்டினாள்.

"படத்தைக் குடு."

"எந்தப் படம்?"

"எனக்குத் தெரியாம எடுத்திருப்பியே. நீ யாரு பேச்சைக் கேட்டிருக்கே?"

"எடுக்கலம்மா."

"எடுத்திருப்பேடா. ரெண்டு இருந்துச்சே."

"ரெண்டும் குருவிக்குப் போச்சு. நீதானே மறிச்சே!"

கத்திவிட்டேன். லயமே கேட்டிருக்கும். அவள் நீட்டின கையை மடக்கவில்லை. திருடனிடம் கேட்கிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் உள்ளே போய், கொடியில் கிடந்த அவனுடைய வேலைச் சட்டையை எடுத்து வந்தாள். கருமாதிச் சாங்கியத்துக்கு அதைத்தான் நாற்காலியில் மாட்டி வைத்தோம். மாட்டுவதற்கு முன்னால் அதைக் கல்லில் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். ரப்பர் மரத்துக் கித்தாப் பால் கறை அது, போகாது. அப்படியே மாலை போட்டோம்.