தமேன் கட்டின மூலை

இந்த கும்மிடிப்பூண்டிக்கு வந்து இத்தினி வருசமாவுது, இன்னும் எனக்கு பழகாத ஒரே ஒரு விஷயம் கீது. தெருவுக்கு குறுக்கால கொடி கட்டி பொம்பளைங்க பொடவ காயப் போட்றாங்க. ஆம்பளைங்க அதுக்கு அடியில பீடி புடிச்சிகினு ஜாலியா போறாங்க, வராங்க. ஈரப் பொடவ மூஞ்சியில தடவுனா தொடச்சிகினு நடக்கறானுங்க. நான் மட்டும் கொடியப் பாத்தா பிரேக்கு போட்டு நின்னு, சாக்கடையத் தாண்டி, செவுத்த ஒட்டிகினு சுத்திப் போவேன். ஒரு வாட்டி சாக்கடையிலயே எறங்கிட்டேன். நான் வேல செய்யற இரும்பு ஷெட்டு பசங்க மொதல்ல எனக்கு பர்மான்னு பேர் வெச்சானுங்க. இதப் பாத்துட்டு அப்பால 'சுத்துப் பர்மா'ன்னு மாத்திட்டானுங்க.

என்னாட்டம் கப்பல்ல வந்து திருவள்ளூர், மெட்ராஸ்னு செதறிக் கெடக்கற நம்ம ஜனங்களுக்கும், ரங்கூன்லயே தங்கிட்டவங்களுக்கும் இதுக்கு காரணம் சொல்ல வேணாம். இந்த ஊர்க்காரங்க யாராச்சும் படிச்சா முழிப்பாங்களேன்னு சொல்றேன். அங்க பொம்பளைங்க இடுப்புல சுத்திக்கற துணிக்கு தமேன்னு பேரு, மூட்டி தெச்ச லுங்கி மாதிரி. அது ஒரு ஆம்பள தல மேல பட்டாலோ, அதுக்கு அடியில அவன் பூந்தாலோ அவனோட 'போங்' பூடும்பாங்க. போங்னா ஆம்பளைக்குன்னு ஒரு மவுசு, ஒரு தேஜஸ்னு வெச்சிக்குங்களேன். நாம தமிழாளுங்கதான், ஆனா அந்தத் தெருப் பசங்க கூடயே வளந்தா அந்த பயமும் சேந்து வளருது. சின்ன வயசுல பட்டம் தொரத்திகினு ஓடுனவன், எங்கம்மா காயப் போட்ட தமேனுக்கு அடியில பூந்து வந்துட்டேன். பசங்க கைதட்டி சிரிச்சானுங்க. போங் பூட்ச்சேன்னு அம்மா மடியில உழுந்து அழுதேன். அம்மா என் தலையில ஒண்ணு போட்டு, "நீ மொதமொதல்ல வந்ததே அதுக்கு உள்ளேர்ந்துதாண்டா. புதுசா இன்னா போவப் போவுது?"ன்னாங்க. வெளங்கல. பயமும் போவல.

என் பொண்டாட்டி ஆதி, ஆரம்பாக்கத்துப் பொண்ணு. வாய் ஜாஸ்தி, எனக்கு சரியான ஜோடி. எங்க பையன் எட்டாம் மாசத்துலயே அவசரப்பட்டு வெளிய வந்துட்டான். டிக்கெட் இல்லாம ஏறிட்டியாடான்னு கேட்டேன். சிரிக்கற மாதிரி இல்ல. கையில எடுத்தா பன்னு ரொட்டி கனம் கூட இல்ல. மார்ல வாய வெச்சா ரெண்டு இழுப்பு இழுத்துட்டு தூங்கிடுவான், அவனுக்கு தெம்பு அவ்ளோதான். ஆஸ்பத்திரி நர்சம்மா கறாரா சொல்லி அனுப்பிச்சாங்க. கண்ணாடி பம்பு ஒண்ணு வாங்கி, சுடுதண்ணியில போட்டு எடுத்து, பால் எறக்கி பாலாடையில, அந்த மூக்கு வெச்ச சின்ன சங்குல, ஊத்திப் புகட்டணும். தாய்ப்பால் தவிர வேற எதுவும் இவனுக்கு ஒத்துக்காது. எடுக்க எடுக்கத்தான் ஊறும், உட்டா நின்னு பூடும். நின்னுட்டா அப்பால எங்கிட்ட வந்து அழுவாதீங்கன்னு அவங்க சொன்னதும் ஆதி என் கைய இறுக்கிப் புடிச்சிக்கினா.

பம்ப மெட்ராசுக்கு ரயிலேறிப் போய் வாங்கியாந்தேன். கண்ணாடிக் குப்பிக்கு பின்னால செவப்பு ரப்பர் பந்து, அப்பிடியே லாரி ஆரன். குடு நான் அடிச்சிப் பாக்கறேன்னேன், ஆதி கரண்டியத் தூக்குனா. ஆனா மெய்யான பேஜாரு பம்புல இல்ல, ஊட்ல. எங்களுது லைன் ஊடு, ஒரே ரூமு. இங்க பகல்ல யாரும் கதவு சாத்த மாட்டாங்க. சாத்துனா உள்ள புருசன் பொண்டாட்டி சண்டைன்னு தெருவே கூடிடும். ரங்கூன்ல படிக்கட்டுக்கு கீழ நின்னு குரல் குடுத்துட்டு தான் ஏறுவாங்க. இங்க குரலும் ஆளும் ஒண்ணா உள்ள வருது. பக்கத்தூட்டு கெங்கம்மா அக்கா நல்ல மனுசி. ஆதிக்கு அம்மா இல்லன்னு பத்திய சோறே அதான் ஆக்கிப் போட்டுச்சி. ஆனா பம்பப் பாத்ததுலேர்ந்து லைன் பொம்பளைங்க எல்லாரையும் இட்டுகினு வந்து சுத்தி ஒக்கார வெச்சிடும். ஆதி முந்தானையப் போத்திகினு பந்த அமுக்குவா. இத்தினி கண்ணு பாக்கும்போது எப்பிடி வரும்? குப்பி மேல ஆவி படிஞ்ச மாதிரி நனையும், அவ்ளோதான். பையன் பூனக்குட்டியாட்டம் சன்னமா அழுவான். கண்ணு பட்டு வத்திப் போச்சி மாமான்னு ஆதி சொன்ன அன்னிக்கி எனக்கு கிண்டலே வரல. 

மறுநாளு ஷெட்டுல மேஸ்திரியக் கெஞ்சி, மிஷின் வந்த மரப்பொட்டி ஒண்ணத் தூக்கியாந்தேன். அத ஒடச்சி, சாஞ்சி ஒக்கார்ற மாதிரி ஒரு நாற்காலி அடிச்சேன். கோணியில வைக்கோல் அடச்சி முதுகுக்கு ஒண்ணு, கை வெக்க ஒண்ணு. மீந்த பலகையில காலு வெக்க ஒரு மணை. கை எட்ற தூரத்துல ஒரு தட்டு, அதுல மூடி போட்ட கிண்ணம், பாலாடை, துவச்ச வெள்ளத் துணி. ஆதி ஒக்காந்து பாத்துட்டு கலெக்டர் சீட்டு மாதிரி கீதுன்னா. நாற்காலி போட்ட மூலைய மறைக்க ஒரு தெர வேணும். அவ பொடவைங்க எல்லாம் கொசுவல, இந்தாண்டேர்ந்து அந்தாண்ட தெரியும். ஊட்ல கெட்டியா இருந்தது ஒண்ணே ஒண்ணு, என் டிரங்குப் பொட்டி அடியில இருந்த எங்கம்மா தமேன். நானும் எங்க நைனாவும் கப்பலேறும்போது, அக்காவோட அங்கயே தங்கிட்ட அம்மா என் பொட்டியில வெச்சி அனுப்பிச்சது. அலை அலையா நெசவு, முரட்டுப் பட்டு. தெரையாவணும்னா மூட்டுன தையலப் பிரிக்கணும். பிளேட வெச்சிகினு கொஞ்ச நேரம் அப்பிடியே ஒக்காந்திருந்தேன். அது அம்மா கையால போட்ட தையல். பையன் அழுதான். பிரிச்சிட்டேன்.

காத்துல பறக்கக்கூடாதுன்னு ரெண்டு ஓரமும் செவுத்துல ஆணி அடிச்சி இறுக்கிட்டேன். உள்ள போவணும்னா அடியத் தூக்கிதான் போவணும். ஆதி தூக்கிகினு உள்ள போனா, பையனக் குடுன்னா. அப்பதான் எனக்கு ஒறச்சது. தூக்குனா அது என் தல மேல வரும். தையலப் பிரிச்சாலும் தமேன் தமேன்தான? எங்கம்மாவோட தமேன் வேற. தரையில முட்டி போட்டு, கைய மட்டும் அடியில உட்டு புள்ளைய தள்னேன். ஏன் இப்பிடி பாம்பாட்டி மாதிரி கைய உட்றன்னு கேட்டா. சொன்னேன். சிரிச்சா பாருங்க, தெரையே ஆடிச்சி.

"யோவ், இனிமே எனக்கு ஒன் தொல்ல இல்ல. ஒங்கம்மா துணி காவ காக்குது" ன்னா.

தொல்ல என்னோடது மட்டும் இல்ல, இன்னும் நெறய பேரோடதும் பூட்ச்சி. சாயங்காலம் கெங்கம்மாக்கா வந்துச்சி. நான் தெரைக்கு இந்தாண்ட மண்டி போட்டுகினு, தலையத் தழச்சி, அடியில சுடுதண்ணிக் கிண்ணத்த பயபக்தியா தள்ளிகினு கீறேன். புருசன்காரனே உள்ள போவலன்னா உள்ள இன்னாமோ கீதுன்னு அது முடிவு பண்ணிட்ச்சி. உங்க ஊரு அம்மனாடான்னு மெதுவா கேட்டுச்சி. பூந்தா போங் போவும்க்கான்னேன். எனக்கு மட்டும்தான்னு நான் சொல்றதுக்குள்ள கன்னத்துல போட்டுகினு பின்னாலயே நடந்து போய்ட்ச்சி. மறுநாள் காலையில எங்க நெலப்படியில வேப்பல சொருவி இருந்துச்சி. வெளிய செருப்புங்க வரிசையா கீது. உள்ள வந்த பொம்பளைங்க தெரைக்கு இந்தாண்டயே ஒக்காந்து குசுகுசுன்னு பேசிட்டு எழுந்து போனாங்க. நான் திருத்தல. நம்ம ஜனங்களே, நீங்களா இருந்தா திருத்துவீங்களா?

தெரைக்கு இந்தாண்ட சம்மணம் போட்டு ஒக்காந்து ரங்கூன் கத சொல்றதுதான் அப்பால என் டூட்டி. ஷெட்டுக்கு போய்ட்டு வந்து நாஷ்டா கூட அங்கயே. காலையில மீன்கொழம்பு ஊத்துன சேமியா, மொஹிங்காம்பாங்க, அத விக்கறவளோட குரல, மூஞ்சில தனக்கா மரப்பட்டைய அரச்சி பூசிக்கினு நாங்க பேய் மாதிரி ஓடுனத, எங்கம்மா மீன்காரிகிட்ட பர்மா பாஷையில பேரம் பேசி தமிழ்ல திட்னத சொல்வேன். உள்ளேர்ந்து அவ எடக்கு பேசுவா. பேச்சுல பம்பு இருக்கறதையே மறந்துடுவா. மொதல்ல சொட்டு சொட்டா விழுந்தது, அப்பால கிண்ணத்துல தாரையா உழற சத்தமே எனக்கு கேட்டுச்சி. அந்த சத்தத்துக்கு நான் கதையில நெறய பொய் சேத்தேன்.

ஒரு நாளு மத்தியானம் ஷிப்டு உட்டு வரேன். கெங்கம்மாக்கா ரெண்டு பொம்பளைங்களோட முறத்துல கீர ஆஞ்சிகினு எங்கூட்ல ஒக்காந்துகீது. தெரைக்குள்ளேர்ந்து பம்பு சத்தம் இல்ல, பேச்சும் இல்ல.  ஆதின்னேன்.

"மாமா, உள்ள வா" ன்னா, மூச்ச அடக்கிகினு பேசற மாதிரி.

"இன்னாச்சி?"

"புடிச்சிக்கினான். அவனா இழுக்கறான், முழுங்கற சத்தம் கேக்குது. நான் அசைஞ்சா உட்ருவான். வந்து பாரு மாமா."

ஓரத்த ஆணியோட பிடுங்கலாம்னு கைய வெச்சேன். பிடுங்குனா இத்தினி பேரும் அவளப் பாப்பாங்க. "இன்னாய்யா, போங்கு எண்ணிகினு கீறியா?"ன்னு உள்ளேர்ந்து மெல்லிசா கேட்டா. கெங்கம்மாக்கா "தம்பி, வேணாண்டா"ன்னு பதறிச்சி. நான் அடியத் தூக்குனேன். முரட்டுப் பட்டு என் நெத்தியில ஒரசி, தலையத் தடவிகினு பின்கழுத்துல வந்து உழுந்துச்சி. அதுக்கு மேல நான் போவல. உள்ள ஆதி, விரல ஒதட்டு மேல வெச்சிகினு. அவ மார்ல என் பையன், கண்ண மூடிகினு, கன்னம் உள்ள வெளியன்னு போய்ட்டு வருது. ஓரமா பந்து சுருங்கி பம்பு சும்மா கெடக்குது. கழுத்துக்கு மேல நான் அங்க கீறேன். கழுத்துக்கு கீழ கும்மிடிப்பூண்டியில, இரும்புத்தூளு ஒட்டுன காலோட. பின்னால கெங்கம்மாக்கா என் சட்டைய புடிச்சி இழுத்துகினே, உள்ள இன்னாடா தெரியுது, சொல்லுடான்னு கேட்டுகினே இருந்துச்சி. எங்கம்மா துணி ரெண்டு தோள் மேலயும் கனமா ஒக்காந்துகினு கீது. நகந்தா புள்ள முழிச்சிப்பான்னு அப்பிடியே நின்னேன்.